248 என்னும் எண்ணின் நெடும்பயணம்: அறுபதடிமானம் பற்றிச் சில செய்திகள்



'காலமும் நேரமும்' என்னும் தலைப்பைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடமிருந்து ஒரு வினா எழுவதுண்டு. மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். கிலோகிராமுக்கு ஆயிரம் கிராம். மணிக்கு மட்டும் ஏன் அறுபது நிமிடம்? அப்படித்தான் வகுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். ஆனால் அவ்வினாவுக்குப் பின்னால் நாலாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் ஒரு முனை இன்றைய ஈராக் நாட்டில் கிடைத்த களிமண் பலகைகளில் உள்ளது. மறுமுனை புதுச்சேரியில், தரையில் சோழிகளைப் பரப்பிக் கிரகணம் கணித்த ஒரு பஞ்சாங்கக் கணிதரிடம் உள்ளது. இவ்விரு முனைகளையும் இணைப்பது 248 என்னும் ஒரு முழு எண். அவ்வெண்ணின் வழியாக அறுபதடிமானத்தின் கதையை இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன். வாய்ப்பாட்டை மனனம் செய்விப்பது சரியா தவறா என்று நம்மிடையே ஓயாமல் நடக்கும் விவாதத்துக்கும் இக்கதையில் ஒரு பாடம் உண்டு என்பது என் கருத்து.

எண் ஒன்று, உடை பல

அடிமானம் என்றால் என்ன? எத்தனை சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஒன்று ஏறுகிறதோ அந்த எண்ணிக்கையே அடிமானம். நாம் பத்தடிமானத்தில் எழுதுகிறோம். பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து. பத்துப் பத்துகள் சேர்ந்தால் ஒரு நூறு. கணினி ஈரடிமானத்தில் இயங்குகிறது. பண்டைய பாபிலோனியர் அறுபதடிமானத்தில் எழுதினர். அவர்களுக்கு அறுபது ஒன்றுகள் சேர்ந்தால்தான் அடுத்த இடத்தில் ஒன்று ஏறும்.

248ஐ எடுத்துக்கொள்வோம். பத்தடிமானத்தில் இஃது இரண்டு நூறு, நான்கு பத்து, எட்டு ஒன்று. ஈரடிமானத்தில் 11111000. அறுபதடிமானத்தில் நான்கு அறுபதும் எட்டு ஒன்றும் ஆகையால் 4,8 என்று எழுதுகிறோம். (அறுபதடிமானத்தின் இடங்களைக் காற்புள்ளியால் பிரித்துக் காட்டுவது இக்கால ஆய்வாளர் வழக்கம். பின்னப் பகுதி தொடங்கும் இடத்தை அரைப்புள்ளியால் காட்டுவர். இக்கட்டுரையிலும் அவ்வாறே எழுதுகிறேன்.)

உடை மாறினாலும் ஆள் மாறுவதில்லை. எந்த அடிமானத்தில் எழுதினாலும் 248 இரட்டை எண்தான். 8ஐயும் 31ஐயும் பெருக்கினால் வருவதுதான். இவை எண்ணின் இயல்புகள். உடைக்கென்று சில இயல்புகள் தனியே உண்டு. ஓர் எண்ணின் கடைசி இலக்கம் 0 அல்லது 5 என்றால் அது 5ஆல் மீதமின்றி வகுபடும் என்று கற்பிக்கிறோம் அல்லவா? அது 5 என்னும் எண்ணின் விதி அன்று, பத்தடிமானத்தின் விதி. 3ஆல் வகுபடுமா என்று அறிய இலக்கங்களையெல்லாம் கூட்டச் சொல்கிறோம். 4ஆல் வகுபடுமா என்று அறியக் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்க்கச் சொல்கிறோம். அறுபதடிமானத்தில் இத்தனை விதிகள் வேண்டா. 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 ஆகிய எல்லாவற்றுக்கும் கடைசி இடத்தைப் பார்த்தாலே போதும். 4,8 என்பதன் கடைசி இடம் 8. எட்டு 4ஆல் வகுபடும். ஆகவே 248உம் வகுபடும். எட்டு 3ஆல் வகுபடாது; ஆகவே 248உம் வகுபடாது.

இதற்குக் காரணம் அறுபதின் காரணிகள். பத்துக்கு 1, 2, 5, 10 என நான்கே காரணிகள். அறுபதுக்குப் பன்னிரண்டு. ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்களாலும் மீதமின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் அறுபதே.

பின்னங்களுக்கு வரும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333... என்று முடிவின்றி ஓடும். அறுபதடிமானத்தில் அதே பின்னம் 0;20. அவ்வளவுதான். ஒரு மணியின் மூன்றில் ஒரு பங்கு 20 நிமிடம் என்று நாம் தடையின்றிச் சொல்வது இதனால்தான். ஒரு பின்னம் முடிவதும் முடியாததும் அப்பின்னத்தின் தலையெழுத்து அன்று. சுருக்கிய பின்னத்தின் பகுதியில் உள்ள பகாக் காரணிகள் எல்லாம் அடிமானத்திலும் இருந்தால் அது முடியும். ஒன்று இல்லாவிட்டாலும் முடியாது. பத்துக்கு 2, 5 என இரண்டே பகாக் காரணிகள். அறுபதுக்கு 2, 3, 5 என மூன்று. இரண்டில் ஒன்று முதல் இருபதில் ஒன்று வரையுள்ள 19 பின்னங்களில் தசமத்தில் முடிபவை 7 மட்டுமே. அறுபதடிமானத்தில் முடிபவை 13.

நிப்பூர் நகரத்துப் பிள்ளைகள்

இந்த இயல்பை நன்கு அறிந்து பயன்படுத்தியவர்கள் பாபிலோனிய நாட்டு எழுத்தர்கள். இடமதிப்புடன் கூடிய அறுபதடிமானம் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் முடிவிலேயே அங்கு வழக்குக்கு வந்துவிட்டது. ஒன்றுக்குச் செங்குத்தான ஓர் ஆப்புக்குறி. பத்துக்குச் சாய்ந்த ஒரு மூலைக்குறி. இவ்விரண்டு குறிகளை அடுக்கியே 1 முதல் 59 வரை எழுதினர். தொடக்க காலத்தில் அவர்களிடம் சுழியம் இல்லை. தசமப் புள்ளி போன்ற குறியும் இல்லை. ஆகவே 4,8 என்று எழுதப்பட்டிருந்தால் அது 248ஆகவும் இருக்கலாம். நான்கும் அறுபதில் எட்டுமாகவும் இருக்கலாம். எது என்பதை இடம்நோக்கி அறிந்துகொள்ள வேண்டும்.

பாக்தாத்துக்குத் தென்கிழக்கே உள்ள நிப்பூர் நகரில் 1951-52இல் நடந்த அகழாய்வில் ஒரு சிறிய மண்செங்கல் வீடு வெளிப்பட்டது. ஆய்வாளர்கள் அதனை எஃப் வீடு என்று குறிக்கின்றனர். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் அங்குப் பள்ளி நடந்திருக்கிறது. ஏறத்தாழ 1,400 பலகைத் துண்டுகள் அங்கே கிடைத்தன. பழைய பலகைகளை நீரில் ஊறவைத்துக் குழைத்துப் புதுப்பலகை செய்வதற்கான தொட்டியும் இருந்தது. இத்தகைய பள்ளிப் பலகைகளில் ஒரு வகை நம் உள்ளத்தைத் தொடக்கூடியது. இடப்பக்கம் ஆசிரியரின் மாதிரி எழுத்து இருக்கும். வலப்பக்கம் மாணவன் பார்த்து எழுதியதும், அழித்து அழித்துத் திரும்ப எழுதியதால் களிமண் தேய்ந்ததும் தெரியும். நாம் இன்று கோடிட்ட ஏட்டில் செய்விப்பதை அவர்கள் ஈரக் களிமண்ணில் செய்வித்திருக்கின்றனர்.

அப்பிள்ளைகள் மனனம் செய்த முதன்மையான வாய்ப்பாடு பெருக்கல் வாய்ப்பாடு அன்று. தலைகீழ் எண் வாய்ப்பாடு. இரண்டு எண்களைப் பெருக்கினால் 60 (அல்லது 60இன் அடுக்கு) வருமானால் ஒன்று மற்றொன்றின் தலைகீழ் எண். 2க்கு 30, 3க்கு 20, 4க்கு 15, 5க்கு 12, 6க்கு 10, 8க்கு 7,30, 9க்கு 6,40 என்று அவ்வாய்ப்பாடு செல்லும். பாபிலோனியர் நம்மைப் போல நெடுவகுத்தல் செய்யவில்லை. 9ஆல் வகுக்க வேண்டுமானால் 6,40ஆல் பெருக்கினர். வகுத்தல் முழுவதும் பெருக்கலாக மாறிவிட்டது.

அந்த வரிசையில் 6க்கு அடுத்து 8 வருவதைக் கவனித்திருப்பீர்கள். 7 அங்கு இல்லை. ஏழில் ஒன்றை அறுபதடிமானத்தில் எழுதினால் 0;8,34,17,8,34,17... என்று 8, 34, 17 ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும், முடியாது. 11, 13, 14 ஆகியவற்றுக்கும் இதே நிலை. ஆனால் பெருக்கல் வாய்ப்பாடுகளில் 7க்கு இடம் உண்டு. வகுக்க உதவாத எண்ணாயினும் பெருக்க வேண்டியிருக்குமே என்று சேர்த்துக்கொண்டனர் போலும்.

கோடிக்கு மேற்பட்ட ஓர் எண்ணின் மாயம்

அடிமானத்தை மறந்து எண்ணைப் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நிப்பூரை முதலில் பெரிய அளவில் அகழ்ந்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார். அங்குக் கிடைத்த கணிதப் பலகைகளை எர்மன் இல்பிரெக்ட் என்னும் அறிஞர் 1906இல் நூலாக வெளியிட்டார். பலகையில் 2க்கு நேரே 30, 3க்கு நேரே 20 என்றிருந்ததை அவர் வேறு வகையில் படித்தார். அந்த 30 உண்மையில் 6,480,000 என்றும், அந்த 20 உண்மையில் 4,320,000 என்றும் கொண்டார். அவ்வாறாயின் 12,960,000 என்னும் ஒரு பேரெண்ணைத்தான் பலகை 2ஆலும் 3ஆலும் வகுக்கிறது என்றாகும். கிரேக்க மெய்யியலாளர் பிளாட்டோ தம் 'குடியரசு' நூலில் புதிராகக் குறிப்பிடும் எண்ணும் இதுவே என்று அவர் முடிவு செய்தார். பாபிலோனியரின் மறைபொருள் எண் கிடைத்துவிட்டது என்ற எண்ணம் பரவியது.

12,960,000 என்பதை அறுபதடிமானத்தில் எழுதிப் பாருங்கள். 1,0,0,0,0. அவ்வளவுதான்! அது 60இன் நான்காம் அடுக்கு. நாம் 10,000 என்று எழுதுவதற்கு ஒப்பானது. பத்தடிமானக் கண்ணுக்கு வியப்பாகத் தெரிந்த அந்த எண், அறுபதடிமானக் கண்ணுக்கு வெறும் ஒன்று. பின்வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக ஆஸ்திரியாவில் பிறந்த ஓட்டோ நொய்கபவர், 1930களில் இப்பலகைகளின் உண்மை இயல்பை ஐயமறக் காட்டினர். பலகையில் எழுதியிருந்தது மறைபொருள் அன்று. பள்ளிப் பிள்ளைகள் ஒப்பித்த தலைகீழ் எண் வாய்ப்பாடு.

நிலவின் வேகமும் 4,8உம்

இனி 248க்கு வருவோம். நிலவு வானத்தில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. புவிக்கு அருகில் இருக்கும்போது விரைந்தும், தொலைவில் இருக்கும்போது மெல்லவும் செல்கிறது. மிக மெல்லச் செல்லும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலைக்கு வர ஆகும் காலத்தை வேகச் சுற்று என்று அழைப்போம். இக்கால அளவீட்டின்படி அது ஏறத்தாழ 27.55455 நாள்.

கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் பாபிலோனிய வானியலார் நிலவின் அன்றாட வேகத்தை ஓர் எளிய முறையால் கணித்தனர். பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை. நிலவின் மிகக் குறைந்த வேகம் நாளுக்கு 11;6,35 பாகை. அதாவது 11 பாகை 6 கலை 35 விகலை. அங்கிருந்து நாளுக்கு 18 கலை வீதம் வேகம் கூடும். 15;14,35 பாகையைத் தொட்டவுடன் அதே அளவில் குறையத் தொடங்கும். கூடுவதும் குறைவதும் ஏணியில் ஏறி இறங்குவது போன்றது.

மிகக் கூடிய வேகத்திலிருந்து மிகக் குறைந்த வேகத்தைக் கழித்துப் பாருங்கள். 4;8 பாகை வரும். அதாவது 248 கலை! ஏணியின் உயரம் 248. ஒரு படியின் உயரம் 18. ஏறுவதற்கு 248ஐ 18ஆல் வகுத்தால் வரும் நாள்; இறங்குவதற்கும் அவ்வளவே. இரண்டையும் கூட்டினால் 248ஐ 9ஆல் வகுத்ததற்குச் சமம். ஆகவே ஒன்பது வேகச் சுற்றுகளுக்கு மிகச் சரியாக 248 நாள் என்றாகிறது.

248ஐ 9ஆல் வகுக்க நிப்பூர் மாணவன் என்ன செய்வான்? 9இன் தலைகீழ் எண்ணான 6,40ஆல் 4,8ஐப் பெருக்குவான். விடை 27;33,20. மூன்றே இடத்தில் முடிந்துவிடுகிறது. நாம் தசமத்தில் வகுத்தால் 27.5555... என்று முடிவே இல்லாமல் போகும். அதே எண், அதே வகுத்தல். அறுபதடிமானம் 3ஐத் தன்னுள் வைத்திருப்பதால் 9ஆல் வகுப்பதும் அதற்கு எளிதாகிவிட்டது.

தமிழர்களாகிய நமக்கு இவ்விடையில் ஒரு வியப்பு உண்டு. நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாடியாகவும் பகுப்பது நம் பஞ்சாங்க மரபு. ஆகவே 27;33,20 நாள் என்பதை எவ்வித மாற்றமும் இன்றி 27 நாள், 33 நாழிகை, 20 விநாடி என்று படித்துவிடலாம். இன்று பாடநூல்களில் மணி, நிமிடம் ஆகியவற்றுக்குப் பின் நாம் எழுதும் வினாடி என்னும் சொல்லும் அங்கிருந்து வந்ததே. பழைய விநாடி, நாழிகையின் அறுபதில் ஒன்றாகையால் இன்றைய கணக்கில் 24 வினாடி நீளம் உடையது. சொல் தங்கியது; அளவு மாறிவிட்டது.

எண்கள் வந்த வழி

248 நாள் என்பது மிகச் சரியான அளவா? இல்லை. ஒன்பது வேகச் சுற்றுக்கு ஏறத்தாழ 13 நிமிடம் மிகுதியாகிறது. இதைத் திருத்த இன்னொரு முழு எண்ணையும் கண்டனர். 110 வேகச் சுற்றுக்கு 3,031 நாள். இதில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. (அறுபதடிமானத்தில் 3,031 என்பது 50,31.)

இந்த இரண்டு எண்களும் சேர்ந்து பயணம் செய்திருக்கின்றன. எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட மூன்றாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று இன்று மான்செஸ்டர் நகரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் 27ஆம் எண்ணுடன் உள்ளது. அதில் 248உம் 3,031உம் உள்ளன. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த 'பஞ்சசித்தாந்திகா' நூலின் வசிட்டர் பகுதியில் அதே இரண்டு எண்கள் உள்ளன. தென்னாட்டு வாக்கியப் பஞ்சாங்க மரபிலும் அவையே உள்ளன. அம்மரபில் 12,372 நாள் என்னும் மேலும் ஒரு பெருஞ்சுற்றும் உண்டு. அது நான்கு 3,031உம் ஒரு 248உம் சேர்ந்தது.

ஒரே அளவை இருவர் தனித்தனியே கண்டறிவது நடக்கக்கூடியதே. ஆனால் இரண்டு எண்கள் ஒன்றாக, ஒரே வேலைக்கு, ஒரே முறையில் அடுத்தடுத்த நாடுகளில் காணப்படும்போது கைமாறி வந்தன என்பதே பொருத்தமான முடிவு. 1952இல் தமிழ் வானியலைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதிய நொய்கபவரும் இதையே எடுத்துக்காட்டினார். எல்லாம் தமிழன் கண்டதே என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு அது நன்மை பயக்காது. பிறர் கண்டதை ஏற்று, தம் மொழிக்கும் தம் நாழிகைக்கும் பொருத்தி, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பேணிக் காத்ததும் பெருமைக்குரிய செயலே.

அவ்வாறு காத்த முறை எது? 248 நாள்களுக்கும் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். வரருசி இயற்றியவை என்று மரபு கூறும். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் என்னும் கடபயாதி முறையில் அமைந்த சிறு சிறு சொற்றொடர்கள் அவை. இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் வாக்கியத்தை எண்ணாக்கினால் 12 பாகை 3 கலை. முதல் நாளில் நிலவு சென்ற தூரம். இரண்டாவது 24 பாகை 9 கலை. கடைசி வாக்கியம், ஒன்பது முழுச் சுற்றுகளைத் தள்ளியபின், 27 பாகை 44 கலை.

இதில் முழு எண்ணின் அருமையைப் பாருங்கள். 3,031ஐ 110ஆல் வகுத்தால் பத்தடிமானத்திலும் முடியாது, அறுபதடிமானத்திலும் முடியாது. 110இல் 11 ஒளிந்திருக்கிறது. ஆனால் கணிதர் வகுக்கவே இல்லை. கழித்துக்கொண்டே போனார். எடுத்துக்காட்டாக, தொடக்க நாளிலிருந்து 10,000 நாள் கடந்திருந்தால் மூன்று 3,031ஐக் கழித்து 907. அதிலிருந்து மூன்று 248ஐக் கழித்து 163. ஆகவே 163ஆம் வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்து, கழித்த சுற்றுகளுக்குரிய திருத்தங்களைச் சேர்த்தால் நிலவின் இடம் கிடைத்துவிடும். பின்னமே இல்லை.

சோழிகளால் கணித்தவர்

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஜான் வாரன், சென்னை வானோக்ககத்தின் பொறுப்பையும் சில காலம் ஏற்றிருந்தவர். தென்னாட்டு மக்களின் காலக்கணிப்பைப் பற்றி 1825இல் 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தம் கண்முன் சந்திர கிரகணம் கணித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அக்கணிதரிடம் ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், வாக்கியங்களை நினைவிலிருந்து சொல்லியும் 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடு நேரத்தில் 23 நிமிடமும், முடிவு நேரத்தில் 52 நிமிடமும் வேறுபாடு இருந்தது.

அவரைப் பற்றி வாரன் இரண்டு கருத்துகளைச் சொல்கிறார். ஒன்று, வானியல் கொள்கைகள் அவருக்குச் சிறிதும் தெரியாது. மற்றொன்று, அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கது. முதற்கருத்தைப் படிக்கும்போது நம் மனம் சற்று வருந்துகிறது. ஆனால் அதைப் பொய் என்று நாம் மறுக்க வேண்டியதில்லை. அதில் ஆசிரியர்களாகிய நமக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 248 ஏன் 248 என்று அவருக்கு எவரும் சொல்லித்தரவில்லை. ஆகவே பிழை 52 நிமிடமாக வளர்ந்தபோது எங்கே திருத்துவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது கருத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. பாபிலோனிய ஆப்பெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாமல் போய், பல நூற்றாண்டுகள் அப்பலகைகள் மண்ணுக்குள் ஊமையாகக் கிடந்தன. அக்காலம் முழுவதும் 248 உயிரோடு இருந்தது. மனிதர் மனத்தில், ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு, பிழையின்றிக் கடந்து வந்துகொண்டிருந்தது. மனனம் இல்லாவிடில் அவ்வெண் புதுச்சேரியை எட்டியிருக்காது.

நம் வகுப்பறைக்கு

நம் நாட்டுப் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சிஃபிர் என்பார்கள். அதை ஒப்பிக்கச் சொல்வது பழமை என்று ஒரு சாராரும், ஒப்பித்தால்தான் கணிதம் வரும் என்று மறு சாராரும் கூட்டங்களில் வாதிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என் நிலைப்பாடு இதுதான். மனனம் எண்ணைக் காப்பாற்றும், காரணத்தைக் காப்பாற்றாது. காரணம் தெரிந்தவன் பிழையைத் திருத்துவான். ஆனால் மனனம் இல்லாதவன் கணக்கை முடிப்பதற்குள் களைத்துப்போவான். இரண்டையும் ஒரே பாடவேளையில் கொடுக்க முடியும். அதற்கு அறுபதடிமானத்தைவிட எளிய கருவி வேறில்லை. வகுப்பில் பயன்படுத்தத்தக்க சில வழிகளைக் கீழே தருகிறேன்.

1. 2 மணி 45 நிமிடத்துடன் 1 மணி 35 நிமிடத்தைக் கூட்டும்போது 3 மணி 80 நிமிடம் என்று எழுதி நிறுத்தும் மாணவனும், 80ஐ நூறாகாத எண் என்று அப்படியே விட்டுவிடும் மாணவனும் கவனக்குறைவால் தவறு செய்யவில்லை. அவர்கள் பத்தடிமான விதியை நேர்மையாகப் பின்பற்றுகின்றனர். 'இங்கே அறுபது சேர்ந்தால் ஒன்று ஏறும்' என்னும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால் 4 மணி 20 நிமிடம் தானாக வரும்.

2. ஒன்றரை மணியை 1.5 மணி என்றும் 1 மணி 30 நிமிடம் என்றும் எழுதுகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டி, 5 ஏன் 30 ஆயிற்று என்று கேளுங்கள். ஒரே அளவு, இரண்டு உடைகள் என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்வார்கள்.

3. பெருக்கினால் 60 வரும் சோடிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 2க்கு 30, 3க்கு 20 என்று எழுதிக்கொண்டே வந்து 7இல் நிற்பார்கள். ஒரு மணியை எட்டாகப் பகிர்ந்தால் 7 நிமிடம் 30 வினாடி. ஒன்பதாகப் பகிர்ந்தால் 6 நிமிடம் 40 வினாடி. ஏழாகப் பகிர்ந்தால் 8 நிமிடம் 34 வினாடி போக மிச்சமும் வரும். நிப்பூர் மாணவன் தடுக்கிய அதே இடத்தில் நம் மாணவனும் தடுக்குவான். அப்போது பகா எண்களைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

4. பெற்றோர் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் அச்சாகி வருகிறது. வீட்டில் ஒன்று இருந்தால், அதில் நாழிகை விநாடியில் கொடுக்கப்பட்டுள்ள ஒரு நேரத்தை மணி நிமிடமாக மாற்றச் சொல்லுங்கள். நாழிகைக்கு 24 நிமிடம், விநாடிக்கு 24 வினாடி. நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் இதைக் கணக்காகச் செய்யலாம்.

248 என்னும் எண்ணை யாரோ ஓர் ஆசிரியர் களிமண்ணில் எழுதிக்காட்ட, யாரோ ஒரு மாணவன் பார்த்து எழுதினான். அந்தச் சங்கிலியில் நாமும் ஒரு கண்ணி. நாளை நம் பிள்ளை ஒருவன் வாய்ப்பாட்டை ஒப்பித்து முடித்ததும், "சரி, இது ஏன் இப்படி வருகிறது?" என்று ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்போம். புதுச்சேரிக் கணிதருக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைக்கட்டும்.